பாவத்தை யாரிடம் சொல்வது?

மனிதன் தப்புச் செய்கிறான். அப்புறம் மனம் குத்துகிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டு மூலையில் உட்கார்ந்து கடவுளிடம் சொன்னால் போதுமா? குருவானவர் முன்னால் மண்டியிட்டு வாய் திறந்து சொன்னால்தான் மன்னிப்பு உண்டா?

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வி கிறிஸ்தவ உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. கலக்கியவர் யார் தெரியுமா? மடத்தில் இருந்த ஒரு துறவி! ஜெர்மனி தேசத்துக்காரர். பெயர், மார்ட்டின் லூதர்.

(அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காகப் பாடுபட்டு, 1968-ல் சுட்டுக் கொல்லப்பட்டாரே மார்ட்டின் லூதர் கிங், அவர் வேறு. அவருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த லூதரின் நினைவாகத்தான்.)

குருவானவரிடம் பாவத்தைச் சொல்லவே தேவையில்லை என்று கூறியவர் லூதர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் கேளுங்கள்.

இடி விழுந்தது!

லூதர் பிறந்தது 1483-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி. ஊர், ஐஸ்லேபன். மறுநாள் புனித மார்ட்டின் திருநாள். அன்றைக்கே ஞானஸ்நானம் கொடுத்து, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

தந்தை ஹான்ஸ், செம்புச் சுரங்கத் தொழிலில் பாடுபட்டு முன்னுக்கு வந்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனும் எர்பர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, 1505-ல் எம்.ஏ. பட்டம் வாங்கினார். சட்டப் படிப்பையும் தொடங்கினார்.

அந்த ஆண்டு ஜூலை 2-ந் தேதி. பெற்றோரைப் பார்த்துவிட்டு எர்பர்ட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பயங்கரப் புயல் மழை. பக்கத்திலேயே இடி விழுந்தது! லூதர் நடுங்கிப்போனார். புனித அன்னம்மாளைக் கூவி அழைத்தார். துறவியாகிவிடுவதாக நேர்ந்துகொண்டார்.

ஆபத்தில் நேர்ந்துகொள்வதும், ஆபத்து நீங்கியதும் மறப்பதும் உலகத்தில் சகஜம். லூதர் மறக்கவில்லை. அதே மாதம் 17-ந் தேதி அகுஸ்தீன் சபை மடத்தில் போய்ச் சேர்ந்தார். தந்தைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல! 1507-ல் லூதர் குருப்பட்டமும் பெற்றார்.

ஆறு மணி நேரம்

இங்கே ஒரு பழைய சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1215-ம் ஆண்டு ரோமாபுரியில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் போட்ட சட்டம் அது. விவரம் தெரிந்த வயது வந்த கிறிஸ்தவர் ஒவ்வொருவரும், ஆணானாலும் பெண்ணானாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது தம் குருவானவரிடம் பாவங்களைச் சொல்லியாக வேண்டும். தவறினால் கோவிலுக்குள் நுழையக் கூடாது. செத்தால் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது.

கேட்கிற குருவானவருக்கும் கட்டுப்பாடு உண்டு. காதில் விழுந்த ரகசியத்தை வெளியே விட்டால் அவர் பதவி போய்விடும். ஆயுள் முழுவதும் ஒரு மடத்தில் அடைபட்டுத் தவம் செய்ய வேண்டும்.

நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் இதைப் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். பாவத்துக்காக வருந்த வேண்டும். குருவிடம் சொல்ல வேண்டும். அவர் கடவுளின் பெயரால் மன்னிப்பு அளிப்பார். பிறகு அவர் சொல்கிற பரிகாரத்தைச் செய்ய வேண்டும். இதனால் மனப்பாரம் இறங்கி நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் கணக்கில்லை.

லூதருக்கு மட்டும் நிம்மதி கிடைக்கவில்லை!

அவருடைய சங்கடம் இதுதான். நினைவுக்கு வந்த பாவத்தைத்தான் வாயால் சொல்ல முடியும். மறந்துபோன பாவத்துக்கு என்ன வழி? மனமார வருந்தினால் மறந்ததையும் கடவுள் மன்னிப்பார் என்றுதான் சபை போதித்தது. ஆனால் தம்முடைய வருத்தம் உண்மையான வருத்தம்தானா, நரகத்துக்குப் பயந்து வந்த வருத்தமா என்று லூதருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகமே இன்னொரு பாவமோ என்று மறுபடியும் பயம்.

அகுஸ்தீன் சபையில் லூதருக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஸ்டௌபிட்ஸ். அவரிடம்தான் லூதர் பாவங்களைச் சொல்வார். ஒரு தடவை ஆறு மணி நேரம் சொன்னார் என்பார்கள்! சொல்லிவிட்டுப் போவார். ஏதோ ஞாபகம் வரும். திரும்பி ஓடி வருவார். அந்தப் பெரியவரின் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அவருக்கும் ஒரு நாள் அலுத்துப்போயிற்று. இப்படித் துக்கடா விஷயங்களைத் தூக்கிக்கொண்டு வராமல், கொலை, விபசாரம் என்று பாவம் என்று சொல்லத்தக்க பாவமாக ஏதாவது இருந்தால் கொண்டு வரும்படி கடிந்துகொண்டார். தன்னையே நோண்டிப் பார்ப்பதை விட்டுச் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவைப் பார்க்கும்படியும் சொன்னார். லூதரை மேலே படிக்கவைத்ததும் அவர்தான். 1512-ல் லூதர் வேத சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

சீட்டு வியாபாரம்

1517-ம் ஆண்டு. விட்டன்பர்க்கின் அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு வியாபாரம் மும்முரமாக நடந்தது. பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரம்!

செத்தபின் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் அனுபவிக்க வேண்டிய தண்டனை இந்தச் சீட்டால் குறையும் என்றார்கள். சீட்டு வாங்கியவர் தமக்குப் பிடித்த குருவானவரைத் தேர்ந்தெடுத்துப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம் என்ற சலுகையும் உண்டு. பணம் ரோமாபுரியில் புனித பேதுரு கோவில் கட்டுவதற்கு என்று அறிவித்தார்கள். உண்மையில் பாதிதான் ரோமுக்குப் போயிற்று. மீதிப் பாதி, ஆல்பிரெக்ட் என்ற ஆர்ச்பிஷப் தம் பதவிக்காக வாங்கியிருந்த கடனை அடைக்கப் போயிற்று. கடன் கொடுத்தவர்கள் பூகர் குடும்பத்தார் என்ற பெரிய லேவாதேவிக்காரர்கள்.

விட்டன்பர்க்கை ஆண்ட பிரடெரிக், தம் எல்லைக்குள் சீட்டு விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எல்லை தாண்டிப் போய், டெட்ஸல் என்ற துறவியிடம் வாங்கி வந்தார்கள். வாங்கியவர்களில் சிலர் லூதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்கள் என்றும், கெட்ட நடத்தையை விட மாட்டோம் என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் காட்டினார்கள் என்றும் கூறுவார்கள். ஒவ்வொரு பாவத்துக்கும் இராத் தூக்கம் இல்லாமல் புரண்ட மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்!

அக்டோபர் 31-ந் தேதி லூதர் ஆர்ச்பிஷப்புக்குக் கடிதம் எழுதினார். கூடவே 95 வாதங்களையும் அனுப்பினார். அவற்றைக் கோவில் கதவில் ஆணியடித்து மாட்டினார் என்ற கதை பிரசித்தம். உண்மையில் மாட்டினாரா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கடிதம் போனது மட்டும் நிச்சயம்.

அந்த வாதங்களில் முதலாவது எதைப் பற்றி? பணத்தைப் பற்றி அல்ல, மனந்திரும்புதலைப் பற்றி. அது ஆண்டுக்கொரு முறை செய்துவிட்டு மறக்கிற சடங்கல்ல, வாழ்நாள் முழுவதும் நடக்க வேண்டியது என்றார் லூதர். 1516-ல் எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்க மொழிப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தார். லத்தீன் வேதத்தில் பரிகாரம் செய் என்று பொருள் கொண்டிருந்த இடத்தில், கிரேக்கத்தில் மனதை மாற்றிக்கொள் என்ற பொருள் இருந்தது. இந்த ஒரு சொல் தமக்கு எவ்வளவு ஆறுதல் தந்தது என்று லூதர் ஸ்டௌபிட்ஸுக்கு எழுதினார்.

குழந்தையும் போதும்!

1519-ல் லூதர் ஒரு சிறு நூல் எழுதினார். மன்னிப்பு குருவானவரின் கைச்சரக்கு அல்ல, போப்பாண்டவரின் கைச்சரக்கும் அல்ல என்றார். கிறிஸ்துவின் வாக்கில் இருக்கிறது மன்னிப்பு. அதை எடுத்துச் சொல்வதுதான் குருவின் வேலை. குரு இல்லாத இடத்தில் எந்தக் கிறிஸ்தவரும் அதைச் சொல்லலாம். ஒரு பெண் சொன்னாலும், குழந்தை சொன்னாலும் செல்லும் என்று எழுதிவிட்டார்!

ரோமாபுரி விடுமா? 1520-ல் போப்பாண்டவர் பத்தாம் லியோவின் கண்டன ஆணை வந்தது. லூதரின் 41 கருத்துகள் தப்பு என்றது. டிசம்பர் 10-ந் தேதி ஊர் பார்க்க லூதர் அந்த ஆணையை நெருப்பில் போட்டார். 1521 ஜனவரி 3-ந் தேதி அவரைச் சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

அப்போது ஒரு விநோதம் நடந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களிடம், லூதரின் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று குருமார் விசாரித்தார்கள். இருந்தால் மன்னிப்பு இல்லை! மனப்பாரத்தை இறக்க வந்த இடத்தில் போலீஸ் விசாரணை! பயப்படாதீர்கள் என்று ஜனங்களுக்குத் தைரியம் சொல்லி லூதர் ஒரு நூல் வெளியிட்டார்.

ஏப்ரலில் வார்ம்ஸ் நகரில் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் முன் நின்றார். எழுதியதை வாபஸ் வாங்க மறுத்தார். உயிருக்கு ஆபத்து. பிரடெரிக் அவரை ரகசியமாக வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்துவைத்தார். அங்கே தாடி வளர்த்துக்கொண்டு, வேறு பெயரில் இருந்தார். பாவசங்கீர்த்தனம் செய்யும்படி கட்டாயப்படுத்தப் போப்பாண்டவருக்கு அதிகாரம் உண்டா என்று அங்கிருந்தே ஒரு புத்தகம் எழுதினார். அதிகாரம் இல்லை என்பது அவர் முடிவு.

யாரும் எதிர்பாராதது

லூதர் ஒளிந்திருந்தபோது விட்டன்பர்க்கில் நிலைமை தலைகீழாயிற்று. 1521 கிறிஸ்துமஸ் அன்று கார்ல்ஸ்டாட் என்ற அவருடைய சகா, பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்களுக்கும் நற்கருணை கொடுத்தார். சொரூபங்களையும் உடைத்தார்கள்.

லூதருக்குப் பொறுக்கவில்லை. 1522 மார்ச்சில் கோட்டையை விட்டு வந்துவிட்டார். 9-ந் தேதி தொடங்கி எட்டு நாள் பிரசங்கம் செய்தார். கடைசி நாள் பேச்சு பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி.

சேர்ந்தே ஒழிக்கப்போகிறார் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். அவரோ, தம்மை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றார். அதே மூச்சில், தம்மிடமிருந்து அதை யாரும் பிடுங்கவும் முடியாது என்றார்! உலகத்துச் செல்வம் முழுவதும் கொடுத்தாலும் அதை விட மாட்டாராம். அது இல்லாவிட்டால் சாத்தான் தம்மை எப்போதோ ஜெயித்திருப்பான் என்றும் சொன்னார். கடவுளிடம் தனியே சொல்வது அவசியம். ஆனால் மனம் தத்தளிக்கிறபோது, உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று இன்னொரு மனிதர் சொல்லக் காதால் கேட்பது பெரிய ஆறுதல். இதுதான் அவருடைய கட்சி.

1525-ல் கத்தரீனா என்ற முன்னாள் கன்னிகாஸ்திரியை மணந்தார். ஆறு குழந்தைகள் பிறந்தார்கள். 1529-ல் குடும்பங்களுக்காகச் சிறிய ஞானோபதேசம் ஒன்று எழுதினார். பாவத்தை எப்படிச் சொல்வது என்று அதோடு சேர்ந்த பகுதி ஒன்றில் சொல்லிக்கொடுக்கிறார். வேலைக்காரர் என்றால், எஜமானுக்கு உண்மையாக உழைக்காததையும் முணுமுணுத்ததையும் சொல்லலாம். எஜமான் என்றால், பிள்ளைகளையும் வேலையாட்களையும் சரியாக நடத்தாததைச் சொல்லலாம். ஒன்றும் பெரிதாக இல்லை என்றால், பாவத்தைத் தேடித் தேடி மனதை வதைக்க வேண்டாம். ஒன்றிரண்டைச் சொன்னால் போதும் என்கிறார். ஆறு மணி நேரம் சொன்ன அந்த இளம் துறவி எங்கே, இந்தக் குடும்பஸ்தர் எங்கே!

லூதரிடம் குறை இல்லாமல் இல்லை. 1525-ல் கலகம் செய்த குடியானவர்களை இரக்கமின்றி ஒடுக்கும்படி எழுதினார். 1543-ல் யூதர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் படிக்கவே கூசுகிறது. அடுத்தவர் மனநோவை அவ்வளவு அறிந்த மனிதர் இப்படியும் எழுதினாரே என்ற வருத்தம் தீரவில்லை.

அவருக்கும் ஒரு குரு இருந்தார். விட்டன்பர்க் கோவிலின் போதகர் பூகன்ஹாகன். 1527 ஜூலை 6-ந் தேதி லூதருக்குத் திடீரென்று மனக்கலக்கம். காலையிலேயே பூகன்ஹாகனை அழைத்து, பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாக்கைக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை, பிழைப்பாரோ என்று எல்லாரும் அஞ்சும்படி மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார்.

1546 பிப்ரவரி 18-ந் தேதி, பிறந்த ஊரான ஐஸ்லேபனிலேயே லூதர் காலமானார். வயது 62.

கத்தோலிக்க சபை 1551-ல் திரிதெந்து சங்கத்தில் தன் முடிவைச் சொன்னது. சாவான பாவங்களைக் குருவானவரிடம் சொல்வது கடவுளே வகுத்த ஏற்பாடு என்றது. இன்றும் கத்தோலிக்கர்களுக்கு அதுதான் முறை. லூதரன் சபைகளிலோ, தனியே போய்ச் சொல்வது காலப்போக்கில் குறைந்துவிட்டது. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வதே பெரும்பாலும் வழக்கமாயிற்று.

விட்டன்பர்க் கோவில் பீடத்தில் 1547-ல் கிரானாக் குடும்பத்து ஓவியர்கள் எழுதிய படம் ஒன்று இருக்கிறது. அதில் பூகன்ஹாகன் இரண்டு பெரிய சாவிகளைப் பிடித்தபடி இருக்கிறார். ஒரு பக்கம் ஒருவன் மண்டியிட்டு மன்னிப்புப் பெறுகிறான். இன்னொருவன், வருந்தாதவன், கை கட்டப்பட்டபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்.