அர்ச். சூசை வாஸ் சுவாமியார்



1658-ல் நமது நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர், இலங்கையில் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்தனர். குருக்களின்றித் தவித்த மக்களைத் தேடி, 1651-ல் கோவாவில் பிறந்த சூசை வாஸ் சுவாமியார் 1687-ல் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். தமிழ் கற்று, இரவில் இரகசியமாய்ப் பூசை நிறைவேற்றினார். 1692-ல் கண்டியில் ஒற்றரென்று சிறைப்பட்டார். பின்னர் பௌத்த அரசர் இரண்டாம் விமலதர்மசூரியரே அவரை விடுவித்து ஆதரித்தார். 1697-ல் பெரியம்மை பரவியபோது, சுவாமியார் மதபேதம் பாராமல் நோயாளிகளைப் பராமரித்தார். 1711-ல் மரித்தார், 2015-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார்.

சிந்தியுங்கள்! வேதகலாபனை செய்தவர்கள் கிறிஸ்தவர்கள். அடைக்கலம் தந்தவர் பௌத்தர். ஆகையால், நமது வழிபாட்டுக்குத் தடை நேர்ந்தால் நியாயம் கேட்போம். அதற்காக அயல்வீட்டுப் பிறமதத்தாரைப் பகைவரென்று எண்ணாதிருப்போம்.