ஓடாத தூரத்தை ஓடிய ஜப்பான் மங்கை

திருநெல்வேலி வண்ணார்பேட்டையை அடுத்த பாளையங்கோட்டை மைதானங்களில், பெண் பிள்ளைகள் ஓடிப் பழகுவதை இன்று யாரும் அதிசயமாகப் பார்ப்பது இல்லை. ஆனால், பெண் ஓடலாமா, கூடாதா என்று உலகமே வழக்காடிய காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஓடிக் காட்டியவர்தான் ஹிதோமி கினுயே.

உழவர் வீட்டுப் பெண்

ஜப்பான் நாட்டில் ஒகயாமா என்ற பகுதி உண்டு. அங்கே ஓர் உழவர் குடும்பத்தில், 1907-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி கினுயே பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கு நெடுந்தூரம் நடந்தே போனார். அந்த நடையே அவர் கால்களுக்கு உரமாயிற்று.

அவருடைய உயரம் 5 அடி 7 அங்குலம். ஜப்பானியப் பெண்களில் அது அபூர்வம். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆண்பிள்ளை போல ஓடுகிறாளே என்று ஊரார் ஏளனம் செய்தார்கள். கினுயே காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோக்கியோவுக்குப் போய் உடற்பயிற்சிப் பள்ளியில் படித்தார். 1926-ல் ஒசாக்கா நகரில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதே ஆண்டு சுவீடன் நாட்டில் பெண்களுக்கான உலகப் பந்தயம் நடந்தது. ஜப்பானில் இருந்து போனவர் அவர் ஒருவர்தான். சைபீரியா வழியாகப் பல நாள் ரெயில் பயணம். அங்கே நீளத் தாண்டுதலில் 5.50 மீட்டர் தாண்டி முதல் பரிசு பெற்றார். பந்தயத்திலேயே சிறந்த வீராங்கனை என்ற கவுரவமும் அவருக்கே கிடைத்தது. அப்போது வயது 19.

கை நழுவிய பரிசு

1928-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் பந்தயம். ஓட்டப் பந்தயங்களில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது அதுவே முதல் தடவை. 100 மீட்டர் ஓட்டத்தில் கினுயே வெல்வார் என்று ஜப்பான் எதிர்பார்த்தது. ஆனால், அரை இறுதியிலேயே அவர் தோற்றுப்போனார்.

வெறுங்கையோடு எப்படி ஊர் திரும்புவது? பெண்ணை அனுப்பியதே தவறு என்று சொல்ல மாட்டார்களா? இனி எந்தப் பெண்ணை அனுப்புவார்கள்? இந்த எண்ணம் அவரை வாட்டியது. 800 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ளத் துணிந்தார். அந்தத் தூரத்தை அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடியது இல்லை!

ஆகஸ்டு 2-ந்தேதி இறுதிப் போட்டி. 9 பெண்கள் ஓடினார்கள். மைதானத்தை இரண்டு முறை சுற்ற வேண்டும். முதல் சுற்றில் கினுயே பின்தங்கினார். இரண்டாவது சுற்றில் ஒருவர் ஒருவராக முந்தினார். கால் ஓய்ந்தபோது கையை வீசி வீசி ஓடினார். ஜெர்மனியைச் சேர்ந்த லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். அது உலக சாதனை. கினுயே 2 நிமிடம் 17.6 விநாடியில் இரண்டாவதாக வந்தார். இடைவெளி ஒரு விநாடி கூட இல்லை! எல்லையைத் தாண்டியதும் அவர் தரையில் சாய்ந்துவிட்டார்.

ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவரே. ஆசியாவிலும் அவரே முதல் பெண்.

32 ஆண்டுத் தடை

ஆனால், பந்தயத்துக்குப் பிறகு வேறு பேச்சு கிளம்பியது. பெண்கள் மயங்கி விழுந்தார்கள், பாதிப் பேர் ஓடி முடிக்கவே இல்லை என்று சில வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் 9 பேரும் ஓடி முடித்தார்கள். ஓடிக் களைத்தால் ஆண்களும்தான் விழுகிறார்கள். அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் இருந்து நீக்கப்பட்டது. 1960-ல் ரோம் நகரில்தான் அது மறுபடி நடந்தது.

பத்துக் காசு நன்கொடை

கினுயே சும்மா இருக்கவில்லை. இனித் தனியாகப் போகக்கூடாது, இளம் பெண்களையும் அழைத்துப் போக வேண்டும் என்று தீர்மானித்தார். செலவுக்குப் பணம் இல்லை. பள்ளி மாணவிகளிடம் பத்துப் பத்துக் காசாக நன்கொடை திரட்டினார். 1930-ல் 5 பெண்களோடு பிராக் நகருக்குப் போனார். நீளத் தாண்டுதலில் மீண்டும் முதல் பரிசு பெற்றார். அதன் பிறகும் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் பந்தயங்கள். ஊர் திரும்பியதும் நன்றி சொல்லும் கூட்டங்கள், பத்திரிகை வேலை. ஓய்வு என்பதே இல்லை.

உடம்பு தாங்கவில்லை. நுரையீரல் நோய் பற்றிக்கொண்டது. 1931-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந்தேதி, 24-வது வயதில் கினுயே கண்ணை மூடினார். அவர் 800 மீட்டர் ஓடிய அதே தேதி! பிராக் நகரில் அவருக்கு நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள்.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஷைனி ஆபிரகாம் அரை இறுதி வரை ஓடியது இதே 800 மீட்டரில்தான். 1992-ல் பார்சிலோனா மாரத்தானில் யூகோ அரிமோரி என்ற ஜப்பானியப் பெண் வெள்ளிப் பதக்கம் பெற்றார். கினுயேக்குப் பிறகு தடகளத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். அவர் பிறந்ததும் ஒகயாமாவில்தான்!

அடைத்த கதவு 1960-ல் திறந்தபோது கினுயே உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு வயது 53. அந்தக் கதவைத் தட்டிவிட்டுப் போனவர் அவர். அதன் வழியே ஓடி வந்தவர்கள் மற்றப் பெண்கள்.