சென்னையிலிருந்து தெற்கே பார்த்தவர்

எங்கள் ஊர் சின்ன அந்தமான். ஸ்ரீ விஜயபுரம் என்று இன்று பெயர் பூண்டிருக்கும் போர்ட் பிளேருக்குத் தெற்கே, கப்பலேறிப் போக வேண்டிய தீவு. கடிகாரம் என்னவோ இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். ஆனால் கதிரவன் எங்களுக்கு முந்தியே மறைந்துவிடுவான். தை மாதத்தில் மாலை ஆறரைக்கெல்லாம் கும்மிருட்டு.

சென்ற ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் நால்வர், கடைத்தெரு விளக்குகளைத் தாண்டி வெகுதூரம் நடந்து, கடற்கரையில் தார்ப்பாய் விரித்துப் படுத்திருந்தோம். கையில் ஒரு பழைய பைனாகுலர். தெற்கே அகத்தியர் மீன் சுடர்விட்டது. அதற்கும் கீழே, கடலை ஒட்டினாற்போல, பிய்த்துப்போட்ட பஞ்சாக மெகல்லன் முகில். அப்போது எங்களுள் வங்காளி நண்பன் ஒருவன் கேட்டான்: இவற்றையெல்லாம் வெள்ளைக்காரர்களே கண்டு சொன்னார்களா, உங்கள் சென்னைப் பக்கத்தார் ஒருவரேனும் ஒன்றையேனும் கண்டதுண்டா என்று. எனக்கு விடை தெரியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே வாயடைத்துக் கிடந்தேன்.

கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடினேன். அங்கே எனக்குக் கிடைத்தவர்தாம் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் கட்டிய நிலையம் அது. 1861இல் நார்மன் போக்சன் அரசாங்க வானூலறிஞராக வந்தபின், ரகுநாதாச்சாரியார் அவருக்கு முதல் உதவியாளராகப் பணியாற்றினார். உதவியாளர் என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடும். இரவுதோறும் தொலைநோக்கியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு விண்மீனும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியையும், அதன் உயரத்தையும், ஒளியின் அளவையும் குறித்து வைப்பது அவர் தொழில். இப்படி அவர் எடுத்த அளவுகள் ஏறத்தாழ 38,000. அந்த நிலையம் தொகுத்த 5,303 விண்மீன்களின் பட்டியலுக்கு அடிப்படையாக நின்ற உழைப்பில் பெரும்பங்கு அவருடையது. பட்டியல் முழுமையாக அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை.

ஒரே மீனை மீண்டும் மீண்டும் பார்ப்பவனுக்குத்தான் அது மாறுவது தெரியும். 1867இல், ரெட்டிக்குலம் என்னும் சிறிய தென்திசைக் கூட்டத்தில் ஒரு மீனின் ஒளி கூடிக் குறைவதை ரகுநாதாச்சாரியார் கண்டுபிடித்தார். இன்று அதை ஆர் ரெட்டிக்குலி என்கிறார்கள். சுமார் 278 நாளுக்கு ஒருமுறை பொங்கி, பின் மங்கும் செம்மீன் அது. சென்னையில் அது மிக உயர்ந்து நிற்கும் வேளையிலும் அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் எழாது. அந்த மங்கல் மூட்டத்தினூடே அதன் மாற்றத்தைப் பிடித்த கண் எப்படிப்பட்ட கண்!

1868 ஆகஸ்டு 18இல் முழுச் சூரிய கிரகணம் வந்தது. போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். நிஜாம் நாட்டு வனபர்த்தியில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு ரகுநாதாச்சாரியாருக்கு. 1872இல் லண்டன் இராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இந்தியருள் அப்பெருமை பெற்ற முதல்வர் அவரே.

இவையெல்லாம் பெருமைதான். ஆனால் என் மனத்தை உலுக்கியது வேறு. அக்காலப் பஞ்சாங்கக்காரர்கள் பழைய வாய்பாட்டை வைத்துக் கணித்தார்கள். வானம் அதிலிருந்து விலகிப் போய்விட்டிருந்தது. குறித்த நேரத்தில் கிரகணம் பிடிக்கவில்லை. திதி தவறினால் திவசம் தவறும், விரதம் தவறும். ஆகவே இது வீட்டுக்கு வீடு நெஞ்சைத் தொட்ட வழக்கு. ரகுநாதாச்சாரியார் பஞ்சாங்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்து அதைத் திருத்தச் சொன்னார்; கண்ணுக்குத் தெரியும் நிலையோடு ஒத்துப்போகும் திருக்கணித முறையில் தாமே கணித்தும் காட்டினார். முன்னோர் கணக்கில் கைவைப்பதா என்று சொந்தச் சமூகத்திலேயே முணுமுணுப்பு எழாமல் இருந்திருக்குமா? வெளியார் சொல்வது எளிது. பஞ்சாங்க வீட்டுப் பிள்ளை சொல்வது எளிதன்று. வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு நம் வீடுகளில் இன்னும் தீரவில்லை என்பது நண்பர்களுக்குத் தெரியும்.

1874 டிசம்பர் 9ஆம் நாள் சுக்கிரன் கதிரவன் முகத்தைக் கரும்புள்ளியாய்க் கடக்க இருந்தபோது, அதை விளக்கும் சிறுநூலை உரையாடலாக எழுதி, நம் நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். ஆங்கிலம் அறியாதவனும் அன்று வானத்தை அறிந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை! 1880 பிப்ரவரியில் அவர் மறைந்தார். 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குச் சென்றுவிட்டது. நுங்கம்பாக்கத்தில் பழைய கருங்கல் தூண் மட்டும் நிற்கிறது, தமிழ் எழுத்தையும் தாங்கி.

இந்தப் பொங்கலுக்கு ஊர் போனதும் அதே நண்பனை அதே கரைக்கு இழுத்துச் சென்றேன். இரவு எட்டேகால் மணி. அகத்தியருக்கு வலப்புறம் கீழே, மெகல்லன் முகிலுக்குச் சற்று மேலே பைனாகுலரைத் திருப்பி, ரெட்டிக்குலத்தின் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். ரகுநாதாச்சாரியாரின் மீன் மட்டும் அகப்படவில்லை. அதற்கு அது மங்கும் காலம். நண்பன் என்னை நம்பினானோ இல்லையோ, அது மீண்டும் எப்போது ஒளிரும் என்று கேட்டான். படகுக்காரர் தந்த பழைய நாட்குறிப்பில் இருவரும் நாள் எண்ணத் தொடங்கினோம்.