கொக்கிப்புழுவின் வழியைக் கண்டறிந்த ஆர்தர் லூஸ்

வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடந்தபின் பாதத்தில் அரிப்பும் சிவந்த தடிப்பும் தோன்றினால் அதனைப் புறக்கணியாதீர்கள். அதன் காரணத்தை உலகிற்கு உணர்த்தியவர், 1861-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த ஒட்டுண்ணியியல் அறிஞர் ஆர்தர் லூஸ்.

அவர் எகிப்தின் கெய்ரோ நகரில் கொக்கிப்புழுவை ஆராய்ந்து வந்தார். இப்புழு வாய்வழியாகவே உடலை அடைகிறது என்று அவரும் கருதியிருந்தார். ஒருநாள் இளம்புழுக்கள் நிறைந்த நீர் அவரது கையில் சிந்தியது. அவ்விடம் எரிந்து சிவந்தது. சில வாரங்களுக்குப்பின் அவரது மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோலைத் துளைத்து நுழையும் இளம்புழு, இரத்தத்தின் வழியே நுரையீரலையும் பின்னர் குடலையும் அடைகிறது என்பதை அவர் ஆய்வுகளால் நிறுவினார். 1923-ஆம் ஆண்டு மறைந்தார்.

நாய், பூனைகளின் கொக்கிப்புழு பெரும்பாலும் மனிதரின் தோலிலேயே தங்கி, வளைந்து நீளும் சிவந்த கோட்டை உண்டாக்கும். மருத்துவர் பரிந்துரைக்கும் அல்பெண்டசோல் அல்லது ஐவர்மெக்டின் மாத்திரையால் இது குணமாகும். கர்ப்பிணிகள் தங்கள் நிலையை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் வேண்டும். மனிதக் கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவதால், சோர்வும் இரத்தசோகையும் இருப்பின் மலப்பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெளியில் செல்லும்போது காலணி அணியுங்கள், கழிப்பறையையே பயன்படுத்துங்கள்.