வன்னி மரத்தைக் காத்த குரு ஜம்பேசுவரர்



விஜயதசமியன்று எங்கள் கோயில்களில் சுவாமி எழுந்தருளி வன்னி வாழை வெட்டும் திருவிழாவை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அஞ்ஞாதவாசத்தின்போது பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்த மரம் வன்னி. விருத்தாசலத்தில் அது தலவிருட்சம். அதே மரத்தை இராஜஸ்தான் மக்கள் கேஜ்ரி என்கிறார்கள். பாலைவனத்தில் அம்மரம் இன்றும் நிற்பதற்குப் பெருங்காரணமானவர் ஜம்போஜி என்று அன்பாக அழைக்கப்படும் குரு ஜம்பேசுவரர்.

1451ஆம் ஆண்டு நாகௌர்ப் பகுதியிலுள்ள பீபாசர் கிராமத்தில், இராஜபுத்திரக் குடும்பமொன்றில் ஒரே பிள்ளையாக அவதரித்தார். ஏழு வயது வரை வாய் பேசவில்லை என்பர். மாடு மேய்ப்பதிலேயே இளமைக் காலம் கழிந்தது. மணம் செய்யவில்லை. பெற்றோர் மறைந்தபின் சொத்துக்களைத் துறந்து சம்ராதல் என்னும் மணல்மேட்டில் போய் அமர்ந்தார்.

அக்காலத்தில் மார்வாரைக் கொடிய வரட்சி பீடித்தது. மழை பொய்த்தால் மாடுகளை ஓட்டிக்கொண்டு மாளவ தேசத்துக்குப் புறப்படுவது அந்த மக்களின் வழக்கம். ஊரைவிட்டுப் புறப்படுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. புறப்பட்டவர்களை ஜம்போஜி மறித்துத் தானியம் கொடுத்து ஊரிலேயே நிற்கச் செய்தார் என்பது அடியார்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி.

தானியம் ஓர் ஆண்டுக்குத்தான் காணும். ஆகவே 1485இல் 29 விதிகளை வகுத்து, விஷ்ணு நாமம் சொல்லும் ஒரு கூட்டத்தை அமைத்தார். இருபதும் ஒன்பதும் சேர்ந்து பிஷ்ணோய் என்ற பெயர் வந்ததென்பர். அதிகாலை நீராடல், பொய் களவு தவிர்த்தல், புலால், மது, அபின் விலக்கல் போன்றவை எங்களுக்குப் புதியவை அல்ல. பச்சை மரம் வெட்டாதே, எல்லா உயிரிலும் இரக்கம் வை, விறகில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து எரி, என்பவையே விசேஷமானவை. விறகை மிச்சப்படுத்த இறந்தோரைப் புதைக்கும் வழக்கமும் இவர்களிடம் உண்டு. இந்துக்களில் இது அபூர்வம்.

வரட்சியில் பசித்தவன் தீனிக்கும் விறகுக்கும் மரத்தைத்தான் வெட்டுவான். வெட்டி முடித்த நிலத்தில் பிறகு மழை பெய்தாலும் பிழைக்க வழியில்லை. கேஜ்ரியின் வேர் வெகு ஆழம் போகிறது. இலை ஆட்டுக்கு, காய் மனிதருக்கு, அதன் நிழலில் கம்பு நன்றாக விளைகிறது. கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு, முதலில் கைவைக்காமல் வட்டியில் சீவிக்கும் ஏற்பாடாகவே இது தெரிகிறது. அதைச் சட்டமாக்கியிருந்தால் அரசன் மாறியதும் போயிருக்கும். விரதமாக்கியபடியால் நின்றது.

1536இல் குரு சமாதியடைந்தார். பிக்கானேர் மாவட்டத்தில் முகாம் என்ற ஊரிலுள்ள அவரது சமாதிக் கோயிலுக்கு இன்றும் அடியார்கள் பறவைகளுக்கென்று தானியம் கொண்டுபோகிறார்கள்.

அவர் மறைந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின், 1730இல், ஜோத்பூர் மன்னர் அபய்சிங்கின் புது மாளிகைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. கேஜர்லி கிராமத்துக்கு ஆட்கள் கோடரியுடன் வந்தனர். அமிர்தா தேவி என்ற தாய் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் விட்டார். அவருடைய மூன்று பெண் பிள்ளைகளும் அவ்வாறே. சுற்று ஊர்களிலிருந்தும் வந்து மாண்டவர்கள் மொத்தம் 363 பேர். செய்தி கேட்ட மன்னர் வெட்டுவதை நிறுத்தி, பிஷ்ணோய் ஊர்களில் மரம் தறிக்கவும் வேட்டையாடவும் தடை விதித்தார்.

அண்மைய ஆண்டுகளில் அதே பாலைவனத்தில் பெரிய சூரியமின் நிலையங்கள் எழுகின்றன. உலகம் சூடாவதைத் தணிக்க வந்தவை. அவற்றுக்கு இடம் விடக் கேஜ்ரிகள் தறிக்கப்படுகின்றன. பிக்கானேரில் பிஷ்ணோய் மக்கள் மீண்டும் மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். சூரிய மின்சாரம் வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. மரம் இல்லாத இடத்தில் வையுங்கள் என்பதே கோரிக்கை.