வெப்பங் காத்த வித்தகர்: ரம்போர்டு பிரபு

குளிர்காலத்திற் கம்பளி போர்த்தார்க்கு வெம்மை தருவது யாது? கம்பளியே என்பர் பலர். ஆயின், கம்பளி தானாக வெம்மையைப் பிறப்பிப்பதன்று. போர்த்தவர் உடலின் வெம்மையை வெளியே போகவிடாது காப்பதே அதன் தொழில். அக்காவலும் அதன் மயிர்களினிடையே அடைபட்டு அசைவற்றிருக்கும் காற்றினாலேயே பெரும்பாலும் நிகழ்கின்றது. இவ்வுண்மையைப் பரிசோதனையால் நிறுவி, வெப்ப நூலறிவை மக்கள் இல்லங்களுக்குப் பயன்படச் செய்த ரம்போர்டு பிரபுவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன் என்பது. 1753-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள ஊபர்ன் என்னும் ஊரில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, கடையொன்றில் வணிகம் பயின்று, பின்னர்ப் பள்ளியாசிரியரானார். 1772-இல் செல்வமிக்க கைம்பெண் ஒருவரை மணந்தார். அமெரிக்கக் குடிகள் ஆங்கில அரசை எதிர்த்துக் கிளர்ந்த காலத்து, இவர் அரசின் பக்கஞ் சார்ந்து, தம் நாட்டவர் செய்திகளை மறைவாக ஆங்கிலப் படைக்குத் தெரிவித்தார். 1776-இல் மனைவியையும் இளங்குழந்தையையும் விட்டு இலண்டனுக்குச் சென்றார். அம்மனைவியின் முகத்தை அவர் மீண்டும் காணவேயில்லை.

பின்னர் ஜெர்மானிய நாடுகளுள் ஒன்றாகிய பவேரியாவில் பணியேற்றுப் படைத்துறையைச் சீர்திருத்தினார். படைவீரர்க்கு ஏற்ற உடை யாது என்னும் வினா அவரது வெப்ப ஆராய்ச்சியைப் பின்னும் ஊக்கியது. வெப்பமானியின் குமிழைக் கண்ணாடிக் கூடொன்றின் நடுவே நிறுத்தி, இடைவெளியைப் பட்டு, பஞ்சு, கம்பளி, பறவையிறகு, விலங்கின் மென்மயிர் ஆகியவற்றால் ஒவ்வொரு முறையும் மாற்றி நிரப்பினார். அதனைக் கொதிநீரிற் காய்ச்சி, உடனே பனிக்கட்டி இட்ட நீரில் அமிழ்த்தி, குளிர்வதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டார். காற்று உலவுமாயின் வெப்பத்தைச் சுமந்து செல்லும். நுண்ணிய இடைகளிற் சிறைப்படுமாயின் வெப்பத்தைத் தடுக்கும் என்று தெளிந்தார். காற்று வெப்பத்தை அறவே கடத்தாது என்று அவர் கொண்டது பிழையே; மிகச் சிறிதளவு கடத்தும் என்பதை இன்று அறிவோம். எனினும் அவருடைய முடிபின் பயன் குன்றவில்லை. 1792-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது.

அவ்வறிவு ஏட்டளவில் நிற்கவில்லை. 1790-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் மியூனிக் நகரத்து இரவலரைத் திரட்டி, தொழிலும் உணவும் அளிக்கும் இல்லமொன்றிற் சேர்ப்பித்தார். பலர்க்குச் சமைக்குங்கால் விறகு வீணாதல் கண்டு, திறந்த நெருப்பைச் செங்கல் அடுப்பினுள் அடக்கி, உள்ளே புகும் காற்றைக் கதவினால் அளவுபடுத்தினார்.

1795-இல் இலண்டன் மீண்டபோது, அந்நகரத்து இல்லங்களின் கணப்புகள் அறையின் வெம்மையைப் புகைபோக்கி வழியே இழந்து, புகையை அறைக்குள்ளே தள்ளுதலைக் கண்டார். புகைபோக்கியின் கழுத்தை நான்கு அங்குலம் அளவாகச் சுருக்கி, கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைப்பித்தார். எரிபொருள் குறைந்தது, புகை அகன்றது, அறையில் வெம்மை மிகுந்தது.

ஒளியும் அவர் கருத்தைக் கவர்ந்தது. இரு விளக்குகள் வெண்டாளில் வீழ்த்தும் நிழல்களை ஒப்பிட்டு அவற்றின் ஒளியளவை அறியும் முறையை 1794-இல் வெளியிட்டார். கண்ணாடிப் பலகையினூடு செல்லும் ஒளியில் எவ்வளவு குறைகின்றது என்பதையும் அளந்தார். சாளரம் அமைப்பார்க்கு இது வேண்டிய அறிவன்றோ? வெப்பத்தையும் ஒளியையும் ஆராய்வார்க்குப் பரிசளிக்க 1796-இல் இராயல் சொசைட்டிக்கு ஆயிரம் பவுன் வழங்கினார். 1799-இல் இராயல் இன்ஸ்டிடியூஷன் தோன்றுதற்கும் முன்னின்றார்.

பிறர் இல்லங்களின் வெம்மையைக் காத்த இவர் தம் இல்லத்தின் வெம்மையைக் காக்க அறிந்திலர். 1805-இல் லவாய்சியரின் கைம்பெண்ணை மணந்து, 1809-இல் அவரையும் பிரிந்தார். 1814-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் அக்காலத்துப் பாரிஸ் அருகிலிருந்த ஓதெய்லில் உயிர்நீத்தார்.

இவரை எங்ஙனம் மதிப்பது? குற்றங்களை மறைத்துப் புகழ்தல் வரலாறாகாது. குற்றங் கண்டு பயனை மறுத்தல் நன்றியாகாது. இன்று சுவரிடை வைக்கும் கண்ணாடிப் பஞ்சும், இரட்டைக் கண்ணாடிச் சாளரமும் காற்றையோ பிற வாயுவையோ அடக்கி வெப்பத்தைத் தடுப்பனவே. வெளிவெப்பம் உட்புகாது தடுக்கும் ஓலைக்கூரையின் தண்மைக்கும் இக்காரணம் துணைசெய்கின்றது. நண்பர்காள், எளியோர் அடுப்பில் ஒரு விறகு மிஞ்சச் செய்யும் அறிவும் பேரறிவே என்பதை இவர் வாழ்வால் உணர்வோமாக.