குரோமோசோம் எண்ணிய ஜானகி அம்மாள்



விஞ்ஞானின்னு சொன்னதும் நமக்கு சர் சி.வி. ராமன், அப்துல் கலாம் பேருதான் ஞாபகத்துக்கு வரும். இந்த இதழில் ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றிப் பார்ப்போம். அவர் பெயர் ஜானகி அம்மாள். நம்ம கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வேலை பார்த்தவர்.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். இன்று அது கேரளாவில் இருக்கிறது. அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அப்பா சப்-ஜட்ஜ். அவருக்குச் செடி கொடி, பறவைகள் மேலே ரொம்ப ஆசை. வீட்டில் மொத்தம் 19 பிள்ளைகளாம்! ஜானகி சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து 1921-இல் ஹானர்ஸ் பட்டம் வாங்கினார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாகவும் இருந்தார்.

கூடப் பிறந்த பெண்களுக்கெல்லாம் வீட்டில் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். இவர் முறை வந்தபோது கல்யாணம் வேண்டாம், படிக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். கடைசி வரைக்கும் அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிய நாட்டுப் பெண்களுக்காக பார்பர் உதவித்தொகை என்று ஒன்று உண்டு. அது கிடைத்து 1924-இல் கடல் கடந்து போனார். அங்கே இறங்கியதும் அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்களாம். அவருடைய பட்டுப்புடவையையும் நீளமான கூந்தலையும் பார்த்துவிட்டு, இந்திய இளவரசியோ என்று நினைத்து உள்ளே விட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அவரும் இல்லை என்று மறுக்கவில்லையாம்!

அங்கே தாவரவியல் துறையில் முதுகலைப் பட்டமும், 1931-இல் டி.எஸ்சி. என்னும் டாக்டர் பட்டமும் பெற்றார். நாம படிக்கிற படிப்பு வேற, ஆராய்ச்சிப் படிப்பு வேற. நமக்குக் கேள்வி பாடத்தின் பின்னாலேயே இருக்கும், விடை நோட்ஸில் இருக்கும். ஆராய்ச்சியில் விடை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. செடிகிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

ஜானகி அம்மாள் எடுத்துக்கொண்ட துறை செல்லியல். செடியின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் உண்டு. மனிதருக்கு 46, நெல்லுக்கு 24, வெங்காயத்துக்கு 16. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில்தான் அவை தெளிவாகத் தெரியும். வளர்கிற வேர் நுனியைப் பக்குவப்படுத்தி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் தப்பாகிவிடும். இந்த வேலையை அவர் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அறுபது வயசுக்கு மேலேயும் செய்தார்.

நாடு திரும்பித் திருவனந்தபுரத்தில் பேராசிரியையாக இருந்துவிட்டு, 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுக் கரும்பில் சாறும் இனிப்பும் அதிகம். ஆனால் நோய் தாங்காது. ஆற்றங்கரை நாணல் போன்ற காட்டுக் கரும்பில் இனிப்பு இல்லை. ஆனால் எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து புது ரகம் உண்டாக்கினார்கள். அந்த வேலை இவர் வருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அதனால் நம் கரும்பை இனிக்க வைத்தவர் இவர் ஒருவர்தான் என்று சொல்ல முடியாது. எந்தக் கரும்போடு எந்தப் புல் சேரும், சேர்ந்தால் குரோமோசோம் என்ன ஆகும் என்று ஆராய்ந்து சொன்னது இவர் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார்!

அங்கே தனியாக வாழும் பெண் என்பதாலும், சாதியாலும் அவர் சங்கடப்பட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1939-இல் ஒரு மாநாட்டுக்காக எடின்பரோ போனார். அந்த நேரம் பார்த்து இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. இங்கிலாந்திலேயே தங்கி ஜான் இன்னஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ராத்திரி குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். காலையில் உடைந்த கண்ணாடியைப் பெருக்கிவிட்டு மறுபடி வேலையைத் தொடங்குவாராம். 1945-இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அதில் ஒரு வகைக்கு இவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பிரதமர் நேரு அழைத்ததால் இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வயசான பிறகு இவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலக்காடு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற காட்டில் மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் போட்டார்கள். காடு மூழ்கிப் போகும் என்று பலரும் எதிர்த்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஜானகி அம்மாளும் சேர்ந்துகொண்டார். அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இறங்கினார். 1983-இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில்தான் அவருடைய கடைசிக் காலம் கழிந்தது. 1984 பிப்ரவரி 7 அன்று, 86-ஆவது வயதில், மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோதே காலமானார். அதே வருஷம் நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பார்க்க அவர் இல்லை.

பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். பத்தாவதோடு நிறுத்திய அக்காமார்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள். ஜானகி அம்மாள் யாருக்கும் வாயால் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தார். ஒரு காடே பிழைத்தபோது அதில் அவர் உழைப்பும் இருந்தது.

தோழிகளே, அடுத்த முறை அறிவியல் ஆய்வகத்தில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, வரிசையில் நிற்கிறோமேன்னு சீக்கிரம் கண்ணை எடுத்துடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க.